ஈரத்துணி

சரிதாவுக்குச் சக்கரபாணியைப் பிடிக்காது. அவருடைய சட்டைகளைப் பிடிக்கும்.

சாரம் என்கிற பேட்டையில், திரௌபதியம்மன் கோயில் மதிலை ஒட்டி, புங்கமரத்தடியில் அவளுடைய இஸ்திரி வண்டி நிற்கிறது. ஒன்பது வருஷமாக அங்கே வந்து விழுகிற துணியில் பாதிக்கு மேல் கலப்படம்தான். செக்யூரிட்டிக்காரர் சட்டை, பள்ளிக்கூட யூனிபார்ம், நாலு தடவை துவைத்ததும் பொடி உருண்டைகளாக நூல் கிளம்பிவிடுகிற நைட்டி. இவற்றுக்கு நடுவே சக்கரபாணி வீட்டு மூட்டையைப் பிரித்தால் கைக்கே ஒரு மரியாதை வந்துவிடும். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வாங்குகிற கடையில் எடுத்த லினன் சட்டை, சுத்த நூல் வேட்டி. தண்ணீர் தெளித்தால் குடித்துக்கொள்ளும். கரிப்பெட்டியை எந்தச் சூட்டில் வைத்தாலும் தாங்கும். தப்பித் தவறிப் பொசுங்கினாலும் காகிதம் கருகின வாசனைதான் வரும்.

சக்கரபாணியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் இன்றைக்கும் தெருவுக்கு அது சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடுதான். மகன் மூலக்குளம் பக்கம் மனை போட்டு விற்கிறார். கோயில் திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். துணி வாங்க வருகிறபோது சும்மா வாங்கிப் போகமாட்டார். ஒரு பிரசங்கம் உண்டு.

“சரிதா, எனக்கு நூல்துணிதான் ஆவும். பாலியஸ்டர் பட்டா ஒடம்பெல்லாம் தடிச்சுப்பூடும். அத்த வுடு. சாமி காரியத்துக்கு ஒக்காரும்போது பூமியில வெளைஞ்சதத்தான் கட்டணும். மிசின்ல காச்சி இழுத்தத கட்டிக்கினு அம்மன் எதிர்ல போய் நின்னா அவ மூஞ்சத் திருப்பிக்குவா.”

“ஆமாங்க சார்” என்பாள் சரிதா. அவர் சொல்வதில் தப்பில்லை என்றே அவளும் நினைத்தாள். இந்த ஆடி மாதம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அவள் புருஷன் செல்வகுமார் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், முன்கோபி, ஆனால் பிள்ளை மேல் உயிரை வைத்திருக்கிறவன். போன கார்த்திகையில் ஏழு வயசு அபிக்கு டெங்கு வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஒன்பதாம் நாள் டாக்டர் உதட்டைப் பிதுக்கினபோது அவன் வராந்தாவிலேயே மண்டியிட்டு, ‘என் புள்ளய எழுப்பிக் குடு, பூ மிதிக்கிறேன்’ என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை எழுந்துவிட்டது. காப்புக் கட்டின நாளிலிருந்து வீட்டில் மீன் கிடையாது, வெங்காயம் கிடையாது. ஒரு வேளை சோறு, காலையில் கேழ்வரகுக் கூழ். பாயில் படுக்காமல் வெறுந்தரையில் படுத்தான். செல்வம் இப்படிக்கூட இருப்பானா என்று சரிதாவுக்கே ஆச்சரியம்.

அந்தக் கோயிலில் தீ மிதிக்கிறவர்கள் அவரவர் வீட்டில் வெள்ளைப் பருத்தித் துணி வாங்கி, மஞ்சள் நீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்துக் கட்டுவதுதான் வழக்கம். தீக்குழியில் இறங்குமுன் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துணி சொட்டச் சொட்ட வருவார்கள். இந்த வருஷம் கமிட்டியில் வேறு மாதிரி முடிவு செய்தார்கள். வீட்டில் நனைத்தால் ஒன்று வெளுப்பாகவும் ஒன்று அடர்த்தியாகவும் இருக்கிறதாம், மேலிருந்து ட்ரோன் கேமராவில் பார்த்தால் எடுப்பாக இல்லையாம். அதனால் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் துணி, ஆம்பிளைக்குச் சிவப்புக் கரை வேட்டி, பொம்பிளைக்குச் சிவப்புக் கரைப் புடவை, எல்லாம் சக்கரபாணி உபயம். அம்மன் காலடியில் வைத்துத் தீபாராதனை காட்டி ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

செல்வம் அதைத் தட்டில் வைத்துத் தலைமேல் சுமந்து வந்தான். அவன் கூழ் குடித்துவிட்டு வண்டியை எடுத்துப் போனதும் சரிதா வேட்டியைப் பிரித்தாள். தொழில் கை சும்மா இருக்காது. விரலால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தாள். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி தண்ணீர் உருண்டு ஓடிப் போயிற்று. ஓரத்தில் ஒரு இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டினாள். இழை எரியவில்லை, உருகிச் சொட்டியது. தரையில் விழுந்தது கருப்பு மிளகு மாதிரி இறுகிக்கொண்டது. பால் பாக்கெட்டைக் கொளுத்தினால் வருமே, அந்த நாற்றம்.

ராத்திரிவரை பொறுக்காமல், மத்தியானம் அவன் வந்ததுமே சொன்னாள்.

“இது நூலே இல்லய்யா. முழுக்க பிளாஸ்டிக்கு. பொறி பட்டா உருகி சதையோட ஒட்டிக்கும்.”

“வாயக் கழுவு. அம்மன் காலடியில வெச்சிக் குடுத்த துணி.”

“அம்மன் காலடியில செருப்ப வெச்சாலும் செருப்பு செருப்புதான்.”

செல்வம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். “காப்புக் கட்டுன ஊட்டுல பேசுற பேச்சா இது? சொல்தா ஊட்டுக்காரரு கைக்காசப் போட்டு எடுத்துக் குடுத்துருக்காரு. நீ குத்தம் சொல்லி, அது அவரு காதுல வுழுந்து, இவன் சுத்தமில்லன்னு என்னை வரிசையிலேருந்து எறக்கி வுட்டாங்கன்னா? என் புள்ள வேண்டுதல் இன்னாவறது? பக்தியோட எறங்குறவனுக்கு எந்தத் துணியா இருந்தா இன்னா? தெருவுல ஒரு வார்த்த பேசுன, சொல்லிட்டேன்.”

“நான் பேசல சாமி. நீ சாப்புடு” என்றாள்.

பேசவில்லைதான். மறுநாள் அவன் அரியாங்குப்பத்துக்கு லோடு ஏற்றிப் போன நேரத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மில்லில் வேலை பார்த்த அவள் அப்பா எப்போதோ வாங்கிக் கொடுத்த சிவப்புக் கரை வேட்டி ஒன்று அடியில் கிடந்தது. நல்ல நூல். மஞ்சளைக் கரைத்து அதை ஊறவைத்து, வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயவைத்தாள். ஆடி மாதத்தில் எந்த வீட்டில்தான் மஞ்சள் வாசனை இல்லை? கமிட்டி வேட்டியை அரிசி டின்னுக்குப் பின்னால் செருகினாள். அதே கவரில் இதை மடித்து, அதே தட்டில் வைத்தாள். ஆம்பிளைக்கு மடித்து வைத்ததை எடுத்துக் கட்டத்தான் தெரியும், அவன் எங்கே தடவிப் பார்க்கப் போகிறான் என்பது அவள் கணக்கு. கணக்கு சரியாகத்தான் போயிற்று.

திருவிழாவுக்கு முதல்நாள் அஞ்சலாட்சி தன் புடவையோடு வண்டிக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் இல்லை. ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் பெருக்கித் துடைக்கிற வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த மகள் துர்காவுக்கு மாசியில் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. மூன்று வருஷம் மிதிப்பதாக வேண்டுதல், இது மூன்றாவது. அபி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாளும் சோறு கட்டிக் கொண்டு வந்தவள் இந்த அஞ்சலாட்சிதான்.

“மடிப்பெல்லாம் நேரா வர்ற மாரி தேய்ச்சிக் குடு சரிதா. கசங்கிக் கெடக்குது.”

சரிதா கரிப்பெட்டியை எடுத்தவள் கீழே வைத்தாள். நேரே வைத்தால் துணி பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். இந்த மாதிரித் துணிக்கு ஒரு வழி உண்டு. பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து, அதன் மேல்தான் பெட்டியை ஓட்டவேண்டும். அப்படித்தான் செய்தாள்.

“இன்னாத்துக்குடி ஈரத்துணி போடுற?”

“புதுசாச்சேக்கா... நேரா வெச்சா பளபளப்பு பூடும்.”

“நல்லா வழவழன்னு பட்டு மாரி இருக்குதில்ல? எனக்கு இந்த மாரி யாரு எடுத்துக் குடுத்தா? என் கண்ணாலத்துக்குக்கூட நூல்புடவதான்.” அஞ்சலாட்சி கரையைத் தடவித் தடவிப் பார்த்தாள். “அவரு நல்லா இருக்கணும்.”

சொல்லிவிடலாம் என்று சரிதாவுக்கு நுனி நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அஞ்சலாட்சி நாலு பேரிடம் கேட்பாள். நாலு பேர் கேட்டால் சக்கரபாணி வருவார். அவர் வந்தால் செல்வத்தின் வேட்டி மாறினது வெளியே வரும். ஒன்றும் ஆகாது, எல்லோரும் நனைந்துதானே இறங்கப் போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொய்யை அடுத்தவரிடம் சொன்னால்தான் பாவம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

“பொடவய நல்லாத் தூக்கிச் சொருவிக்கினு எறங்குக்கா” என்று மட்டும் சொன்னாள்.

“எனக்குத் தெரியாதாடி? மூணாவது வருசம்” என்று சிரித்துவிட்டுப் போனாள் அஞ்சலாட்சி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குப் புளியங்கட்டை நன்றாகக் கனிந்து தீக்குழி செக்கச்செவேல் என்று கிடந்தது. முனிசிபாலிட்டித் தண்ணீர் லாரியில் குழாய் பிடித்து முப்பத்தெட்டுப் பேருக்கும் தலைக்கு ஊற்றினார்கள். அங்கிருந்து கோயிலை ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். சரிதா அபியை முன்னால் நிறுத்திக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அரைமணி கழித்து வரிசை திரும்பி வந்தபோது அவள் கண் காலடியைத்தான் பார்த்தது. செல்வத்தின் வேட்டியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் துணியெல்லாம் காற்றில் படபடவென்று அடித்தது. தண்ணீரை வாங்காத துணி எதைச் சொட்டும்?

மேலே ட்ரோன் ஈ மாதிரி ரீங்காரம் போட்டது. ‘ஓம் சக்தி’ சத்தத்தில் கரகம் இறங்கியது, பூசாரி இறங்கினார், ஆம்பிளைகள் இறங்கினார்கள். செல்வம் கண்ணை மூடிக்கொண்டு நாலே எட்டில் கடந்து பால்குழியில் விழுந்தான். அவன் வேட்டி நுனியில் ஆவி பறந்தது. அவ்வளவுதான்.

அப்புறம் பொம்பிளைகள். சத்தம் கேட்பதற்கு முன்னால் சரிதாவுக்கு நாற்றம் வந்துவிட்டது. அதே பால் பாக்கெட் நாற்றம். அஞ்சலாட்சி செருகியிருந்த புடவை பின்பக்கம் நழுவிப் போயிருந்தது. வழவழத் துணி இடுப்பில் எங்கே நிற்கும்? நெருப்பில் பட்ட முனை சுருண்டு ஏறி, கெண்டைக்கால் சதையைக் கவ்விக்கொண்டது. அவள் நின்று பிடுங்கப் பார்த்தாள், அதனால் பாதமும் வெந்தது. யாரோ ஓடிப் போய் வெளியே இழுத்தார்கள். ஒட்டின துணியை உதறுவதாக நினைத்து ஒருத்தர் இழுக்க, துணியோடு தோலும் வந்தது. அந்த அலறலை அபி காதில் விழாமல் பொத்தினாள் சரிதா. தன் காதைப் பொத்த அவளுக்குக் கை இல்லை.

ஆம்புலன்ஸ் கிளம்புவதற்குள் மைக்கில் சக்கரபாணி பேச ஆரம்பித்துவிட்டார்.

“படிச்சிப் படிச்சிச் சொன்னோம். சுத்தபத்தமில்லாம யாரும் எறங்காதீங்கன்னு சொன்னோம். முப்பத்தேழு பேரு பூவ மிதிச்ச மாரி வந்தாங்க. ஒருத்தருக்கு மட்டும் ஏன் இப்படி ஆவுது? யோசன பண்ணுங்க. அம்மா பொய் சொல்லமாட்டா.”

அடுத்த நாளே தெரு யோசனை பண்ண ஆரம்பித்தது. அஞ்சலாட்சி விரதத்தில் மீன் தின்றாள் என்றது ஒரு வாய். ஹாஸ்டலில் கண்டதைக் கழுவுகிற கை என்றது இன்னொன்று. புருஷன் இல்லாதவள் எங்கே போகிறாள் வருகிறாள் யார் கண்டது என்றது மூன்றாவது. நரம்பில்லாத நாக்கு. இதில் வேடிக்கை, பால்காரர் வீட்டுப் பார்வதி அந்த வாரம் முழுக்க நொண்டினாள். கேட்டால் ‘ஆணி குத்திடுச்சி’ என்றாள். மருந்துக்கடையில் தீக்காய மருந்து வாங்கிப் போனதைச் சரிதா பார்த்தாள். வெந்தது வெளியே தெரிந்தால் சுத்தமில்லாதவள் என்று பேராகிவிடும். அதனால் தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

செல்வத்துக்கோ தெருவெல்லாம் பெருமை. டீக்கடையில் காலைத் தூக்கிக் காட்டினான். ‘ஒரு கொப்புளம் இருக்குதா பாரு’ என்றான். கமிட்டியில் அவனுக்குச் சால்வை போடப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எட்டாம் நாள் மறுபூசையில் சால்வை. அதே பூசையில் அஞ்சலாட்சி ஈரத்தலையோடு வந்து எல்லோர் முன்னாலும் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும், மூன்று வருஷத்துக்குக் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது.

சரிதாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மறுபூசைக்கு முந்தின ராத்திரி, காப்பு அவிழ்த்தபின் முதல் தடவையாக வைத்த மத்தி மீன் குழம்பு முன்னால் அவனை உட்காரவைத்து, டின்னுக்குப் பின்னால் இருந்த வேட்டியை எடுத்துப் போட்டாள்.

“நீ கட்டுனது இது இல்ல. எங்கப்பன் குடுத்த நூல்வேட்டி.”

அவன் வேட்டியைப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்காலைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

“அப்ப என் வேண்டுதல்? அம்மன் காலடியில வெக்காத துணியக் கட்டிக்கினா எறங்குனேன்?”

“பருத்தி மட்டும் யாரு குடுத்தது? அவ குடுத்ததுதான். ஒன் வேண்டுதலுக்கு ஒரு கொறையும் இல்ல. அந்த அக்காவ மன்னிப்புக் கேக்க சொல்றாங்களே, அதப் பேசு.”

அவன் வேட்டியை ஒதுக்கித் தள்ளினான். அப்புறம் குழம்பில் கை வைத்தான். “ஆனது ஆயிடுச்சி. நீ வெளியில சொல்லிக்கினு இருக்காத. எனக்கும் அசிங்கம், ஒனக்கும் அசிங்கம். அவங்க ஒரு நாளு வுழுந்து எழுந்துட்டா முடிஞ்சிபூடும்.”

மீன் முள்ளை உறிஞ்சி உறிஞ்சி எடுத்து வைத்தான். பிள்ளைக்காக மண்டியிட்ட அதே ஆள். அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டதை நினைத்துக்கொண்டு, அன்றைக்கு அவள் தன் சோற்றை அப்படியே மூடி வைத்தாள்.

மறுபூசை காலை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே சக்கரபாணி வண்டிக்கு வந்துவிட்டார். மேடையில் போட வெள்ளை லினன் சட்டை வேண்டும். சரிதா அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? சாமி காரியத்துக்குப் பூமியில வெளைஞ்சதத்தான் கட்டணும்னு சொல்லுவீங்களே. அப்பறம் ஏன் அவங்களுக்கு அந்தத் துணி?”

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். மறைக்கக்கூட இல்லை.

“நான் சொன்னது பூசையில ஒக்கார்றவங்களுக்கு. இது ஒரு மணி நேரக் கூத்து. முப்பத்தெட்டுப் பேருக்கும் நூல்ல எடுத்தா ஆவுமா? அதுங்களுக்கு நூலு எது, நைலான் எதுன்னு இன்னா தெரியும்? மஞ்சளா இருந்தா சரி.” சட்டையைத் தொட்டுப் பார்த்தார். “காலர நல்லா அழுத்து.”

அழுத்தினாள். நன்றாகவே அழுத்தி மடித்துக் கொடுத்தாள். அவர் போனதும் கரிப்பெட்டியில் இன்னும் நாலு கரி போட்டு விசிறினாள்.

பந்தலில் செல்வத்துக்குச் சால்வை போட்டாகிவிட்டது. பளபளவென்று பச்சைச் சால்வை. துர்கா தோளைப் பிடித்துக்கொண்டு அஞ்சலாட்சி வந்தாள். முழங்கால் வரைக்கும் கட்டு. தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. காலை மடக்க முடியாமல் எப்படி விழுவது என்று தவித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் சரிதா ஒரு கையில் கரிப்பெட்டியும் அக்குளில் மஞ்சள் வேட்டியுமாகப் பந்தலுக்குள் நுழைந்தாள். மேடை மேசையிலிருந்த மாலைகளை ஒதுக்கி வேட்டியை விரித்தாள்.

“எல்லாரும் பாத்துக்குங்க. இது எங்க ஊட்டுக்கு வந்த கமிட்டி வேட்டி. யாரும் கட்டல. புதுசு அப்படியே இருக்குது. இதுல இன்னா தீட்டு இருக்குது?”

பெட்டியை அதன் மேல் வைத்தாள். சுர்ரென்று துணி சுருங்கி ஓட்டை விழுந்தது. அந்த நாற்றம் பந்தல் முழுக்க ஏறியது. அன்றைக்கு முகர்ந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது. முன்வரிசைப் பொம்பிளைகள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

“என் புருசன் கட்டுனது நூல்வேட்டி. நான்தான் மாத்தி வெச்சேன். அவரு காலு வேவாததுக்கு அதான் காரணம். இவங்க காலு வெந்ததுக்கு இதான் காரணம்.”

“ஏய், இஸ்திரிப் பொட்டியும் அக்கினியும் ஒண்ணா?” என்று சக்கரபாணி கத்தினார். கத்தலில் காலர் மட்டும் கலையவில்லை.

“எனக்கும் வெந்துது” என்று ஒரு குரல் வந்தது. பார்வதி. புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிக் காட்டினாள். அவள் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். கமிட்டிக்காரர்கள் மைக்கை அணைத்தார்கள். செல்வம் சால்வையைத் தோளிலிருந்து எடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல், பொண்டாட்டியைத் தின்றுவிடுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

அஞ்சலாட்சி யாரையும் பார்க்கவில்லை. மேசையில் சுருண்டு கிடந்த துணியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சரிதாவைப் பார்த்தாள்.

“அன்னிக்கு ஈரத்துணி போட்டுத் தேய்ச்சியே சரிதா. அப்பவே ஒனக்குத் தெரியுமா?”

இல்லை என்று சொல்ல இன்னும் ஒரு நொடி இருந்தது.

“தெரியும்க்கா.”

அஞ்சலாட்சி தலையாட்டினாள். “அவரு யாரோ பெரிய மனுசன். அவருக்கு என்னைத் தெரியாது. நீ பக்கத்து ஊட்டுக்காரிடி.”

சரிதா கையை நீட்டினாள். அஞ்சலாட்சி அந்தக் கையில் படாமல் புடவையை ஒதுக்கிக்கொண்டு, மகள் தோளைப் பிடித்து, விழாமலே, மன்னிப்புக் கேட்காமலே திரும்பி நடந்தாள். பந்தல் வழிவிட்டது.

சரிதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தாள். அடித்தகட்டில் மஞ்சள் உருகி ஒட்டி, ஆறி, கருப்பாக இறுகியிருந்தது. உப்பைக் கொட்டித் தேய்த்தாள், போகவில்லை. கத்தியால் சுரண்டினாள். அது முழுக்கப் போக மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளுக்குள் அஞ்சலாட்சி வீட்டுத் துணி அடுத்த தெரு வண்டிக்குப் போக ஆரம்பித்துவிட்டது.